முகவரி தேடும் முகவர்கள்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், கொல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தில்லிக்கு வந்த ஒரு மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஒருவர் பேருந்து வாங்குவதற்காகப் பேங்க் ஆஃப் இந்தியாவிடம் 15.15 லட்சம் ரூபாய் கடன் பெற்றிருந்தார். தவணை தவறியது. வங்கி நியமித்த வசூல் முகமை பேருந்தைக் கைப்பற்றியது. பிறகு, ஒரே தடவையில் கணக்கை முடித்துக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. பணமும் கட்டப்பட்டது. ஆனால், பேருந்து பழைய நிலையில் திரும்பி வரவில்லை. நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் ஆகியோர் அடங்கிய அமர்வு, வசூல் முகவர்கள் என்ற போர்வையில் இயங்கும் அடியாள் கூட்டம் என்று அந்த முகமையைக் கடிந்துகொண்டது. இழப்பீட்டுத் தொகையை அந்த முகமையிடமிருந்து வங்கி வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது.

நாளேடுகளில் அந்தக் கண்டனம் பெரிதாக வந்தது. அந்த முகமையின் பெயரைப் பலரும் கவனித்திருக்கமாட்டார்கள். 'வசூல்' என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. 'புலனாய்வு', 'துப்பறிதல்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களே இருந்தன. கடன் வசூல் தொழிலின் பாதி வேலை எது என்பதை அந்தப் பெயர் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வாகனத்தைப் பிடுங்குவது பிந்தைய பாதி. வாகனமும் அதன் உரிமையாளரும் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது முந்தைய பாதி.

பிந்தைய பாதியைப் பற்றி நீதிமன்றங்களும் ரிசர்வ் வங்கியும் கடந்த இருபது ஆண்டுகளில் நிறையவே பேசியிருக்கின்றன. முந்தைய பாதியைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. கதவைத் தட்டும் முகவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. அந்தக் கதவை அவர் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதற்குத் தெளிவான விதி வகுக்கப்படவில்லை. சாமானியக் கடனாளியின் மானமும் அவரைச் சுற்றியிருப்பவர்களின் நிம்மதியும் இந்த இடைவெளியில்தான் பறிபோகின்றன.

டாக்குரியாவின் மனிதர்கள்

தென் கொல்கத்தாவில் உள்ள டாக்குரியாவை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எளிதில் விளங்கும். சியால்டாவிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயில் பாதையில், பாலிகஞ்சுக்கும் யாதவ்பூருக்கும் இடையில் இருக்கிறது டாக்குரியா நிலையம். முன்பு டாக்குரியா ஏரி என்று அழைக்கப்பட்ட ரவீந்திர சரோவர் அருகிலேயே இருக்கிறது. ஏரிக்கு மறுபக்கம், தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதி. ஒரே வட்டாரத்தில் பெரிய மருத்துவமனையும், நடுத்தர வர்க்கத்தின் அடுக்குமாடி வீடுகளும், ரயில் பாதையோரக் குடிசைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. கானிங் பக்கத்திலிருந்தும் சுந்தரவனக் கிராமங்களிலிருந்தும் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் அதிகாலை ரயில்களில் வந்து இந்த நிலையங்களில் இறங்குகிறார்கள்.

இங்கே மக்கள் வீடு மாறுவதும் ஊர் மாறுவதும் அன்றாட நிகழ்ச்சி. வாடகை உயர்ந்தால் ரயிலில் இன்னும் நான்கு நிலையங்கள் தள்ளிப் போவார்கள். பாதையோரக் குடிசை இடிக்கப்பட்டால் உறவினர் வீட்டுக்குப் போவார்கள். வேலை போனால் சொந்தக் கிராமத்துக்கோ, இப்போதெல்லாம் திருப்பூருக்கோ, சென்னையின் கட்டடப் பணிகளுக்கோ வந்துவிடுகிறார்கள். கொல்கத்தாவில் வாங்கிய இரு சக்கர வாகனக் கடனோ, கைப்பேசிக் கடனோ அவர்களுடன் கூடவே வருகிறது. ஆகவே, இது வங்காளத்தின் பிரச்சினை மட்டுமன்று. டாக்குரியாவில் காணாமல்போன ஒருவரைத் தேடும் முகவரின் தொலைபேசி அழைப்பு தமிழ்நாட்டில் ஒரு பின்னலாடை ஆலையின் மேற்பார்வையாளருக்கு வரலாம்.

இடம் மாறுகிறவர்கள் மூன்று வகை. கடனை ஏமாற்றும் எண்ணத்தோடு வாகனத்தையும் எடுத்துக்கொண்டு தலைமறைவாகிறவர் ஒரு வகை. கட்ட முடியாமல் அவமானத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறவர் இன்னொரு வகை. பிழைப்புக்காக இடம் பெயர்ந்து, நிறுவனத்துக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்க மறந்தவர் அல்லது தெரிவிக்க வழி தெரியாதவர் மூன்றாம் வகை. வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரரின் குடித்தனக்காரர் எந்த ஆவணத்தைக் காட்டி முகவரியை மாற்றுவார்? கடன் நிறுவனத்தின் பேரேட்டில் இந்த மூவருக்கும் ஒரே பெயர்தான்: 'ஆளைக் காணவில்லை'. தேடுதலின் முறையும் மூவருக்கும் ஒன்றுதான்.

தேடல் நடக்கும் விதம்

தேடல் கடன் விண்ணப்பத்திலிருந்து தொடங்குகிறது. நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, வேலை செய்யும் இடம், ஜாமீன்தாரர், 'தெரிந்தவர்கள்' என இரண்டு பெயர்கள். கடன் கிடைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் நிரப்பப்படும் அந்த இரண்டு பெயர்கள், தவணை தவறிய நாளிலிருந்து தேடலின் நுனிநூலாகிவிடுகின்றன. ஜாமீன் போட்டவருக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. தெரிந்தவர் என்று பெயர் கொடுக்கப்பட்டவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆயினும் இருவருக்கும் ஒரே விதமான அழைப்புகள்தான் வருகின்றன.

அடுத்தது, பழைய முகவரிக்கு நேரில் செல்வது. டாக்குரியா போன்ற ஒரு பாடாவில், அதாவது கொல்கத்தாவின் குடியிருப்பு வட்டாரத்தில், யார் எங்கே போனார் என்பது தெருமுனைத் தேநீர்க் கடைக்கும் இஸ்திரிக் கடைக்கும் பாடாவின் மன்றத்துக்கும் தெரிந்தே இருக்கும். அந்தத் தகவலைப் பெறுவதற்கு முகவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். தன்னைக் கூரியர்காரர் என்றோ, பழைய நண்பர் என்றோ பொய்யாக அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அல்லது, கடன் விவரத்தை ஊரறியச் சொல்லி, அக்கம்பக்கத்தாரை நெருக்கி வாய் திறக்கவைக்கிறார். முதலாவது ஏமாற்று. இரண்டாவது, ஆள் இல்லாத இடத்தில் அவரது மானத்தை ஏலம் விடுவது.

மூன்றாவது வழி காகிதத்தில் இருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் ஒருவர் வெவ்வேறு கடன்களுக்காகக் கொடுத்த முகவரிகளும் தொலைபேசி எண்களும் பதிவாகின்றன. இடம் மாறியவர் புதிய ஊரில் ஒரு கைப்பேசியைத் தவணையில் வாங்கினால்கூட, அந்தப் புதிய முகவரி பழைய கடன்காரரின் கண்ணுக்கு வந்துவிடக்கூடும். கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று கணிப்பதற்காக உருவான ஏற்பாடு, அவர் எங்கே இருக்கிறார் என்று காட்டும் கண்ணாடியாகவும் பயன்படுகிறது.

வாகனக் கடனில் நான்காவது வழி ஒன்று உண்டு. ஆள் மறைந்தாலும் வண்டி சாலையில் ஓடித்தான் ஆக வேண்டும். தவணை தவறிய வாகனங்களின் எண்கள் அடங்கிய பட்டியல் முகவர்களின் கைப்பேசிச் செயலிகளில் ஏற்றப்பட்டிருக்கும். நெடுஞ்சாலை உணவகத்திலோ, வாகன நிறுத்துமிடத்திலோ நிற்பவர் எதிரில் வரும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தட்டிப் பார்க்கிறார். பொருந்தினால் வண்டி மடக்கப்படுகிறது. கொல்கத்தாவின் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு இந்த நான்கு இலக்கத் தேடல்கூடத் தேவையில்லை. அங்கே ஆட்டோக்கள் குறிப்பிட்ட வழித்தடத்தில் மட்டுமே பங்குச் சவாரியாக ஓடுபவை. ஓட்டுநர் வீட்டை மாற்றலாம். வழித்தடத்தை எளிதில் மாற்ற முடியாது. வரிசையில் நின்றால் போதும், வண்டி தானே வந்துவிடும்.

இந்தச் செயலிகளில் யாருடைய பெயர் ஏறுகிறது, பணம் கட்டிய பிறகு அது நீக்கப்படுகிறதா, அந்தப் பட்டியல் எத்தனை கைகளுக்கு மாறுகிறது என்பதையெல்லாம் கடனாளி அறிய வழியில்லை. வண்டி மடக்கப்படும் வேளையில் அதில் குடும்பம் இருக்கலாம், நோயாளி இருக்கலாம், வேறொருவரின் சரக்கு இருக்கலாம்.

அரசே விற்ற தரவு

தனியார் முகவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. நாடு முழுவதும் பதிவான வாகனங்களின் விவரங்கள் 'வாகன்' என்ற மத்தியத் தரவுத் தொகுப்பில் இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தத் தரவுகளை மொத்தமாக விற்பதற்கு ஒரு கொள்கையை வெளியிட்டது. வணிக நிறுவனங்களுக்கு விலை ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் தரவு வழங்கப்பட்டதாகவும், சுமார் 65 கோடி ரூபாய் வருவாய் கிடைத்ததாகவும் அந்த ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. விற்கப்பட்ட தொகுப்பில் உரிமையாளரின் பெயர் கிடையாது. எனினும், வேறு தரவுகளோடு பொருத்திப் பார்த்து ஆளை அடையாளம் காணும் அபாயம் இருப்பதை அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது.

எதிர்ப்புகளுக்குப் பிறகு, 2020 ஜூன் மாதத்தில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது கொள்கை. ஏற்கெனவே கைமாறிய தரவு திரும்பி வருமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து இரண்டாண்டுகள்கூட ஆகாத நிலையில் அரசு இப்படிச் செய்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடன் கொடுத்தவரின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். வீட்டுக் கடனில் அடமானப் பொருள் அதே இடத்தில் இருக்கும். வாகனக் கடனில் அடமானப் பொருளே சக்கரத்தின் மேல் இருக்கிறது. ஓர் இரவில் மாநில எல்லையைக் கடந்துவிடும். சில நாள்களில் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டுவிடும். கடனை மீட்க முடியாத நிறுவனம், ஒழுங்காகக் கட்டுகிறவர்களிடம் கூடுதல் வட்டி வாங்கித்தான் அந்த இழப்பைச் சரிக்கட்டும். அல்லது, வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கடனே இல்லை என்று கதவைச் சாத்தும். இரண்டாலும் பாதிக்கப்படுவது ஏழைகள்தான்.

இதைத் தமிழ்நாட்டுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1954-இல் தொடங்கப்பட்ட சுந்தரம் பைனான்ஸ் முதல், பழைய லாரிகளுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த ஸ்ரீராம் வரை, இந்தியாவின் வாகனக் கடன் தொழில் பெருமளவுக்குச் சென்னையில் வேர்விட்டு வளர்ந்தது. வங்கிகள் திரும்பிப் பார்க்காத லாரி ஓட்டுநர்களை லாரி உரிமையாளர்களாக ஆக்கியதில் இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கடனாளியைத் தெரிந்து வைத்திருப்பதுதான் அந்தத் தொழிலின் மூலதனமாக இருந்தது.

சட்டமும் கடன் கொடுத்தவருக்குச் சாதகமாகவே பல நேரங்களில் நின்றிருக்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மாக்மா பின்கார்ப் நிறுவனத்தின் வழக்கில் 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எல்லாத் தவணைகளும் கட்டி முடிக்கப்படும்வரை நிதி நிறுவனமே வாகனத்தின் உரிமையாளர் என்றும், தவணை தவறினால் வாகனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்குமானால் தேடும் உரிமையும் இருக்கத்தான் செய்யும். அந்த உரிமைக்கு எல்லை எங்கே என்பதே கேள்வி.

வாசலில் நின்றுவிடும் விதிகள்

எல்லை வகுக்கும் முயற்சிகள் இதுவரை வாசலோடு நின்றுவிட்டன. 2007 பிப்ரவரியில், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணனும் கொல்கத்தாவைச் சேர்ந்த நீதிபதி அல்தமஸ் கபீரும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, கடன் வசூலுக்கும் வாகனப் பறிமுதலுக்கும் அடியாள்களை அமர்த்தும் வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தது. சட்டப்படியான வழியிலேயே வசூலிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2008 ஏப்ரல் 24 அன்று ரிசர்வ் வங்கி விரிவான சுற்றறிக்கை வெளியிட்டது. முகவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், எந்த முகமையிடம் கணக்கு ஒப்படைக்கப்பட்டது என்று கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும், முகவர் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறியது.

2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதிச் சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. பொய்யான தகவல் கூறக் கூடாது. கடனாளியின் குடும்பத்தினர், நண்பர்கள், தெரிந்தவர்களாகப் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் ஊடுருவக் கூடாது. அடுத்த மாதமே ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாகில் டிராக்டரைப் பறிமுதல் செய்ய வந்தவர்களால் ஒரு விவசாயியின் கர்ப்பிணி மகள் அந்த டிராக்டரின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். மகிந்திரா நிதி நிறுவனம் வெளி முகமைகள் மூலம் பறிமுதல் செய்வதற்கு 2022 செப்டம்பர் 22 அன்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரியில் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

அந்தரங்கத்தில் ஊடுருவக் கூடாது என்ற வரி வரவேற்கத்தக்கது. ஆனால், எது விசாரிப்பு, எது ஊடுருவல் என்பதை அந்தச் சுற்றறிக்கை பிரித்துக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன கேட்கலாம்? கடன் பற்றி அவரிடம் சொல்லலாமா? எத்தனை முறை கேட்கலாம்? வேலை செய்யும் இடத்துக்குப் போகலாமா? புதிய முகவரி எங்கிருந்து கிடைத்தது என்று கடனாளி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமா? இவற்றுக்கெல்லாம் விடை இல்லாதபோது, மீறல் நடந்தது என்று நிரூபிப்பது எப்படி? தேநீர்க் கடையில் பொய் சொல்லி முகவரி வாங்கிய முகவர் மீது எவர் புகார் கொடுப்பார்? கடனாளிக்கு அது தெரியாது. தெரிந்த கடைக்காரருக்கு அது தன் வழக்கல்ல.

வங்காளம் ஒருமுறை வழி காட்டியது

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. கொல்கத்தாவுக்கு இவை நூறாண்டுப் பழக்கம். ரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா' கதையில், வங்காளச் சிறுமியிடம் அன்பு காட்டும் ஆப்கானியர் சிறை செல்வது எதனால் என்பதைப் பலரும் மறந்திருப்பார்கள். கடனுக்குக் கொடுத்த ஒரு சால்வையின் பணத்தைக் கேட்டபோது, வாங்கியவர் இல்லையென்று மறுத்ததால் மூண்ட சண்டையே காரணம். ஊர் ஊராகச் சுற்றிக் கடன் கொடுத்த காபூலிவாலாக்களும் பிற வட்டிக்காரர்களும் கடனாளியைத் தேடி அலையாமல், சம்பள நாளில் ஆலை வாசலில் தடியோடு காத்து நிற்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. வீட்டை மாற்றும் தொழிலாளி வேலையை மாற்றுவது கடினம் என்ற அதே கணக்கு.

1929-இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் அரச ஆணையம், தன் 1931-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்த வழக்கத்தைக் கவனித்தது. கடன் வசூலுக்காகத் தொழிற்சாலையைச் சூழ்ந்து நிற்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொல்கத்தாவையும் அதைச் சுற்றிய தொழிற்பகுதிகளையும் மனதில் கொண்டு, 1934-ஆம் ஆண்டின் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அதைச் செய்தது. கடன் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வட்டிக்காரர் நீதிமன்றத்துக்குப் போவதையும் தடுக்கவில்லை. ஒரு மனிதனைப் பிடிப்பதற்கு அவன் பிழைப்பு நடக்கும் இடத்தைப் பொறியாக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. அடிமை நாட்டின் மாகாணச் சட்டமன்றம் ஒன்றால் இவ்வளவு துல்லியமாகச் சிந்திக்க முடிந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் செய்தது என்ன? 1972-இல் வாடகைக் கொள்முதல் சட்டத்தை இயற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டிவிட்டவரிடமிருந்து நீதிமன்றத்தின் மூலம் அல்லாமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. அந்தச் சட்டம் ஒருநாளும் செயலுக்கு வரவில்லை. நிறைவேற்றிய நாடாளுமன்றமே 2005-இல் அதை ரத்து செய்துவிட்டது. இதே போன்ற பாதுகாப்பு பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் இருக்கிறது. விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிட்டால், நீதிமன்ற உத்தரவின்றி அங்கே பொருளை மீட்க முடியாது.

தேடும் முறையைப் பொருத்தவரை அமெரிக்காவின் உதாரணம் பொருத்தமானது. அங்கு 1977-இல் இயற்றப்பட்ட கடன் வசூல் நடைமுறைச் சட்டத்தில் கடனாளியின் இருப்பிடத் தகவலைப் பெறுவது பற்றித் தனிப் பிரிவே உள்ளது. மூன்றாம் நபரிடம் விசாரிக்கும் முகவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். இருப்பிடத்தை உறுதிசெய்ய வந்ததாக மட்டும் கூற வேண்டும். கடன் இருப்பதாகச் சொல்லக் கூடாது. முதலில் கிடைத்த பதில் தவறானது அல்லது அரைகுறையானது என்று கருதக் காரணம் இருந்தாலொழிய, அதே நபரை மறுபடி அணுகக் கூடாது. பிறர் படிக்கும்படி அஞ்சலட்டையில் எழுதக் கூடாது. தெருவில் நிற்கும் கார்களின் எண்களைப் படமெடுத்துச் சேகரிக்கும் கேமராக்களை இன்று அந்நாட்டின் பறிமுதல் தொழில் பயன்படுத்துகிறது. 1977-இன் சட்டம் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனாலும், மனிதரிடம் மனிதர் விசாரிப்பதற்கு ஒரு வரம்பு அங்கே எழுத்தில் இருக்கிறது.

புதிய சட்டமும் பழைய ஓட்டையும்

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறையைப் போக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அட்டவணை வகுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கவனத்துக்குரியது. நிதி நிறுவனத்திடம் பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியவரின் நிதித் தகவல்கள், சொத்துகள், கடன் பொறுப்புகள் ஆகியவற்றை அறிவதற்காகத் தரவைக் கையாளும்போது, சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு என்கிறது அது.

நிதித் தகவலுக்குத்தான் விலக்கு. இருப்பிடம் என்ற சொல் அதில் இல்லை. தவணை தவறியவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அவர் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதெல்லாம் நிதித் தகவலாகுமா? ஆகாது என்பதே நேர்மையான வாசிப்பு. ஆனால், சொத்தைத் தேடுகிறோம் என்ற சாக்கில் ஆளைத் தேடுவதற்கும் இந்த விலக்கைக் கேடயமாக்க நிறுவனங்கள் முயலக்கூடும். அதற்கு முன்பே மத்திய அரசு இதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

மாநிலங்களும் விழித்துக்கொண்டிருக்கின்றன. 2025 பிப்ரவரியில் கர்நாடகம் நுண்கடன் வசூல் கொடுமைகளுக்கு எதிராக அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, வலுக்கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இவையும் கொடுமை நடந்த பிறகு தண்டிப்பவையே. கொடுமைக்கு இட்டுச்செல்லும் வழியை ஒழுங்குபடுத்தினால் தண்டிக்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை

ரிசர்வ் வங்கி இனி வகுக்கும் எந்த வசூல் விதியிலும், இருப்பிடத்தைக் கண்டறிவது பற்றித் தனிப் பகுதி இருக்க வேண்டும். மூன்றாம் நபரிடம் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டுமே கேட்கலாம். கடனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை மறுத்தவரை மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது என்று அது எழுதப்பட வேண்டும். வேலை செய்யும் இடத்தின் வாசலில் காத்து நிற்பதை 1934-இன் வங்காளச் சட்டம் போலவே வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு புதிய முகவரியும் எங்கிருந்து, எந்த நாளில், யார் மூலம் பெறப்பட்டது என்பது கடன் கோப்பில் பதிவாக வேண்டும். கடனாளி கேட்டால் அதைக் காட்ட வேண்டும். இந்த ஒரு விதி வந்தாலே, திருட்டுத் தரவை விலைக்கு வாங்கும் சந்தை வற்றத் தொடங்கிவிடும். மூலத்தைச் சொல்ல முடியாத முகவரியை எந்த வங்கியும் தொட அஞ்சும்.

மூன்றாவதாக, வாகன எண் பட்டியல் செயலிகள் ஒழுங்குமுறைக்குள் வர வேண்டும். யாருக்கு அனுமதி, எந்த விவரம் மட்டும் தெரியலாம், பணம் கட்டிய எத்தனை மணி நேரத்துக்குள் எண் நீக்கப்பட வேண்டும் என்பதற்கு விதி வேண்டும். மீறலுக்கான பொறுப்பு முகமையோடு நின்றுவிடாமல், அதை அமர்த்திய நிறுவனத்தின் மீது விழ வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றையும்விட எளியது. இடம் மாறியவர் ஆவணம் ஏதுமின்றித் தன் புதிய இருப்பிடத்தைத் தன் மொழியில் ஒரு குறுஞ்செய்தியிலோ, ஒரு தொலைபேசி அழைப்பிலோ கடன் கணக்கில் பதிவு செய்யும் வசதி வேண்டும். அடையாளச் சரிபார்ப்புக்கான முகவரி வேறு. தொடர்புக்கான முகவரி வேறு. முகவரிச் சான்று இல்லாதவரைத் தலைமறைவானவராக நடத்துவது தவறு. பழைய முகவரிக்கு அனுப்பிய அறிவிப்பு கிடைத்ததாகவே கருதப்படும் என்ற ஒப்பந்த வரியைக் காட்டிக் கணக்கை முகமையிடம் ஒப்படைக்கும் முன், தெரிந்த எல்லா வழிகளிலும் கடனாளியை நேரடியாகத் தொடர்புகொள்ள முயன்றதற்கான சான்றை நிறுவனம் வைத்திருக்க வேண்டும்.

மெய்யாகவே ஏமாற்றித் தலைமறைவாகிறவருக்கு இவை எதுவும் அடைக்கலம் தராது. அப்படிப்பட்டவர்களைப் பிடிக்க நடுவர் மன்றச் சட்டத்தின் கீழ் பொறுப்பாளரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தை நாடும் வழி நிறுவனங்களுக்கு இப்போதே இருக்கிறது. அந்த வழியை விரைவாகவும் செலவு குறைந்ததாகவும் ஆக்குவது அரசின் கடமை. சட்ட வழி தாமதமாகிறது என்பதுதான் அடியாள்களை அமர்த்துவோர் எப்போதும் கூறும் காரணம். அந்தக் காரணத்தையும் அவர்களிடமிருந்து பறித்துவிட வேண்டும்.

டாக்குரியா நிலையத்தில் அதிகாலை ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தில் தவணை பாக்கி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளிந்தவர்கள் அல்லர்; வாடகைக்கும் கூலிக்கும் ஏற்ப இடம் மாறியவர்கள். கடனை அவர்கள் கட்டத்தான் வேண்டும். அதற்காக, அவர்கள் விட்டு வந்த தெருவும், வேலை பார்க்கும் வீடும், மகளின் பள்ளிக்கூடமும் ஒற்றர் கூடங்களாக மாற வேண்டியதில்லை. வாசலுக்கு விதி எழுதிய ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும், வாசலுக்கு வந்து சேரும் வழிக்கும் விதி எழுத வேண்டும். இன்னொரு ஹசாரிபாக் நடந்த பிறகு அதை எழுதிப் பயனில்லை.